மார்கழியும் தையும் குழந்தைகளின் புத்தகத்தில்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி மூடும் டிசம்பர் கடைசியிலிருந்து காணும் பொங்கல் வரை சென்னையின் மேற்குப் புறநகரில் விழா இல்லாத வாரம் கிடையாது. திருநின்றவூர் பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் வைகுண்ட ஏகாதசி. பாடி திருவலிதாயத்திலும் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலிலும் மார்கழித் திருவாதிரை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி தேவாலயங்களில் கிறிஸ்துமஸும் புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையும். பிறகு போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல். சற்றுப் பின்னால் தை மகத்தில், திருமழிசையில் பிறந்து அந்த ஊர்ப்பெயராலேயே அறியப்படும் ஆழ்வாரின் பிறந்தநாள். இவற்றை ஆண்டுதோறும் பார்த்து வளரும் பத்து வயதுப் பிள்ளை, ‘இது ஏன் இன்றைக்கு வருகிறது, யார் யார் எப்படிச் செய்கிறார்கள், எப்போதிருந்து நடக்கிறது’ என்று கேட்டால், அதன் கையில் கொடுக்கத் தமிழில் என்ன புத்தகம் இருக்கிறது? கதைப் புத்தகத்தைக் கேட்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லும் அபுனைவு நூலைக் கேட்கிறேன்.

தமிழில் இந்த வகைக்கு நல்ல தொடக்கம் இருந்தது. பெ. தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை வெளியிட்டது. பெரியவர்களுக்கான பத்துத் தொகுதிகளை முடித்த கையோடு குழந்தைகளுக்கும் அதே அளவு உழைப்பைக் கொடுத்த மனிதர் தூரன். இந்திய மொழிகள் பலவற்றில் அப்போது அப்படி ஒரு முயற்சியே இல்லை. அறிவியலைத் தமிழில் எளிமையாகச் சொல்ல பெ. நா. அப்புசாமி வழி காட்டியிருந்தார். வாண்டுமாமா கதைகளுக்கு இணையாகப் பொது அறிவு நூல்களையும் எழுதிக் குவித்தார். டெல்லியில் 1957இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்டும் சில்ரன்ஸ் புக் டிரஸ்டும் மலிவு விலையில் படநூல்களைக் கொண்டுவந்தன.

ஆனால் விழாக்களைப் பற்றிய எழுத்து புத்தகத்தைவிட இதழ்களில்தான் வாழ்ந்தது. ஆர்வி ஆசிரியராக இருந்த ‘கண்ணன்’, பிறகு ‘கோகுலம்’, 1999இல் வந்த ‘சுட்டி விகடன்’ ஆகியவற்றின் பொங்கல் சிறப்பிதழ்களே பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு விழா நூல்களாக இருந்தன. இந்த மூன்றுமே இன்று அச்சில் இல்லை. பத்திரிகை எழுத்து பழைய காகிதக் கடைக்குப் போய்விடும். நூலக அலமாரியில் நிற்பது புத்தகம் மட்டுமே. இதழ்கள் நின்றபோது அவற்றோடு போன விழாக் கட்டுரைகளை யாரும் தொகுத்து வைக்கவில்லை என்பது இந்தத் துறைக்கு நேர்ந்த பெரிய இழப்பு.

மிஞ்சியது பாடநூல் கட்டுரை. அதன் அமைப்பு எல்லோருக்கும் மனப்பாடம்: முதல் நாள் போகி, பழையன கழியும், இரண்டாம் நாள் சூரியனுக்குப் பொங்கல், மூன்றாம் நாள் மாடுகளுக்கு நன்றி, நான்காம் நாள் உறவினரைக் காணுதல். தவறு ஒன்றுமில்லை. ஆனால் இதைப் படிக்கும் அம்பத்தூர்ப் பிள்ளை தன் கண்ணால் பார்த்த பொங்கலை இதில் காண முடியாது. அது பார்ப்பது ரேஷன் கடை வரிசை: பச்சரிசி, சர்க்கரை, முழுக் கரும்பு, விலையில்லா வேட்டி சேலை. கோயம்பேட்டில் லாரி லாரியாக வந்திறங்கும் செங்கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்தும். போகிக்குச் சில நாட்களுக்கு முன்பே தெருமுனையில் குவியும் சின்னச் சின்னப் போகி மேளங்கள். சென்னையையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டினால் இந்த மேளத்தை அவ்வளவாகப் பார்க்க முடியாது. நான்கு நாள் கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூடக் கிடைப்பதில்லை.

சாப்பிடும் கரும்புக்கும் ஆலைக்குப் போகும் கரும்புக்கும் என்ன வேறுபாடு? செங்கரும்பு எத்தனை மாதப் பயிர், எந்த ஊர்களிலிருந்து வருகிறது, வெட்டுகிறவருக்கு என்ன கூலி? பானை வனைகிறவர் எப்போது வேலையைத் தொடங்குகிறார்? அம்பத்தூர் ஏரியும் செம்பரம்பாக்கமும் ஒரு காலத்தில் யாருடைய வயலுக்குப் பாய்ந்தன? அறுவடைத் திருநாள் என்று எழுதிவிட்டு அறுவடையைச் சொல்லாமல் விடுவது, குழந்தைக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். ஆடி ஆவணியில் விதைத்த சம்பா தையில் அறுப்புக்கு வருகிறது என்ற ஒரே செய்தி இருந்தால்கூட, இந்த விழா ஏன் இந்த மாதத்தில் வருகிறது என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

இதைவிடக் கவலை தருவது, திரும்பத் திரும்ப அச்சாகும் ஒரு பிழை. தை முதல் நாளன்று சூரியன் வடக்கு நோக்கித் திரும்புகிறது என்று சிறுவர் நூல்கள் பலவும் எழுதுகின்றன. வானத்தில் அந்தத் திருப்பம் டிசம்பர் 21 அல்லது 22ஆம் தேதியே நடந்துவிடுகிறது. பொங்கல் வருவதற்குள் மூன்று வாரங்களுக்கு மேல் ஆகியிருக்கும். பஞ்சாங்கம் கணக்கிடுவது சூரியன் மகர ராசியில் நுழையும் நாளை. ராசி என்பது விண்மீன்களை வைத்துப் பிரித்த பகுதி. பூமியின் அச்சு மிக மெதுவாகத் தலைசுற்றி ஆடுவதால் இந்த இரண்டு நாட்களும் ஏறக்குறைய 60, 70 ஆண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் விலகிக்கொண்டே போகின்றன. சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. அந்தக் காலத்துச் சொல் நிலைத்துவிட்டது, வானம் நகர்ந்துவிட்டது.

இது பிள்ளைகளுக்குக் கடினம் என்று ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன். சுவாமி விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 அன்று மகர சங்கராந்தி. இன்று அதே சங்கராந்தி ஜனவரி 14 அல்லது 15இல் வருகிறது. இந்த இரண்டு தேதிகளை அருகருகே அச்சிட்டால் பத்து வயதுப் பிள்ளை தானாகவே ‘ஏன்’ என்று கேட்கும். அடுத்த பக்கத்தில் ஒரு செய்முறை கொடுக்கலாம். மொட்டை மாடியில் ஒரு மீட்டர் குச்சியை நிமிர்த்தி வைத்து, பன்னிரண்டே காலை ஒட்டி அன்றைய மிகக் குட்டையான நிழலை அளக்க வேண்டும். சென்னையில் டிசம்பர் 21 அன்று அந்த நிழல் ஏறக்குறைய 74 செ.மீ. இருக்கும். பொங்கலன்று 68 செ.மீ. அளவுக்குக் குறைந்திருக்கும். சூரியன் ஏற்கெனவே திரும்பி நடந்துகொண்டிருப்பதைப் பிள்ளை தன் அளவுகோலால் கண்டுபிடித்துவிடும்.

இன்னொரு வியப்பும் உண்டு. ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21ஐ ஒட்டி வருகிறது. நம் ஊரில் அது 11 மணி 20 நிமிடத்துக்குச் சற்று மேல். ஆனால் சூரியன் உதிப்பது அதற்குப் பிறகும் தாமதமாகிக்கொண்டே போய், ஜனவரி பிற்பாதியில்தான் ஆண்டின் மிகத் தாமதமான உதயம் வருகிறது. மார்கழியைவிடத் தையில் பள்ளிக்குக் கிளம்பும்போது இன்னும் இருட்டாக இருக்கிறதே என்று பிள்ளைகள் சொல்வது வெறும் சோம்பல் அல்ல. இப்படிப்பட்ட பக்கங்களை எழுத 1987 முதல் வரும் ‘துளிர்’ அறிவியல் இதழின் மரபு நம்மிடம் இருக்கிறது. அறிவியல் நூல் தனி, விழா நூல் தனி என்று நாம் போட்டுக்கொண்ட வேலிதான் தடை.

மார்கழித் திருவாதிரைக்கும் இதே குறை. களி செய்யும் முறையும் நடராசர் தரிசனமும் நூல்களில் வருகின்றன. திருவாதிரை என்பது கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு விண்மீன் என்பது வருவதில்லை. மார்கழி மாலையில் இருட்டியதும் கிழக்கே பார்த்தால், மூன்று விண்மீன்கள் வரிசையாக நிற்கும் வேட்டைக்காரன் கூட்டத்தின் ஓரத்தில் செந்நிறமாக ஒன்று ஒளிரும். அதுதான் திருவாதிரை. மார்கழிப் பௌர்ணமி நிலா அதன் அருகே வருவதால் விழா அந்த நாளுக்கு அமைந்தது. ஆவடியின் தெருவிளக்குகளுக்கு நடுவிலும் தெரியும் அளவுக்கு வெளிச்சமானது அது. மூவாயிரம் ரூபாய்க்குத் தொலைநோக்கி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர்கூட, பிள்ளையின் கையிலுள்ள களிக்கும் வானத்தில் உள்ள அந்தப் புள்ளிக்கும் உறவு உண்டு என்று சொல்லிக் கொடுப்பதில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

மார்கழியின் பாடல் மரபும் ஊரைத் தாண்டிப் போயிருக்கிறது. பாங்காக்கில் தாய்லாந்து அரசவைப் பிராமணர்கள் நடத்தும் விழாவின் பெயர் திரியம்பாவாய். திருவெம்பாவை அங்கே போய்ச் சேர்ந்த தடம் அது. நகர நடுவே நிற்கும் மாபெரும் ஊஞ்சல் அந்த விழாவுக்கானது. ஊஞ்சலாடும் சடங்கு 1935இல் நிறுத்தப்பட்டது, ஊஞ்சல் தூண்கள் மட்டும் நிற்கின்றன. அதிகாலையில் திருப்பாவை ஒலிபெருக்கியில் கேட்டு எழும் பூந்தமல்லிப் பிள்ளைக்கு இந்தச் செய்தி ஒரு பெரிய உலகத்தைத் திறக்கும்.

இனி, பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றி. ‘நமது பண்டிகைகள்’ வகை நூல்களில் ஒவ்வொரு மதத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கப்படுகிறது. இந்துக்கள் தீபாவளி கொண்டாடுவர், முஸ்லிம்கள் ரமலான் கொண்டாடுவர், கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுவர் என்று முடிகிறது. நல்லெண்ணத்தில் எழுதப்பட்டவையே. தேசிய ஒருமைப்பாடு என்ற இலக்கோடு ஒரே நூலை எல்லா மொழிகளிலும் கொண்டுவரும் திட்டங்களில் இந்தப் பங்கீடு தவிர்க்க முடியாததாகவும் இருந்திருக்கலாம். ஆனால் கூடவே பெஞ்சில் உட்காரும் தோழன் ஒரு பத்தியாகச் சுருங்கிவிடுகிறான். அவன் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று நூல் எட்டிப் பார்ப்பதில்லை.

இந்தக் குறை எங்கும் இருக்கலாம். ஆவடியில் இது பொறுக்க முடியாதது. கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் வந்தது முதல், படைத்துறை ஆடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், மத்திய ரிசர்வ் போலீஸ் முகாம், போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் என்று நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் குடும்பங்கள் இங்கே வந்து வாழ்ந்திருக்கின்றன. பணியாளர் குடியிருப்புகளின் பள்ளிகளில் ஒரே வகுப்பில் பஞ்சாபி, மலையாளம், தெலுங்கு, வங்காளி, இந்தி பேசும் பிள்ளைகள் படிக்கிறார்கள். தமிழ் வீட்டில் விடியற்காலையில் போகித் தீ எரிகிறது. பஞ்சாபிக் குடும்பங்கள் ஜனவரி 13 இரவில் லோஹ்ரித் தீயைச் சுற்றி நின்று வேர்க்கடலையும் எள் இனிப்பும் பகிர்கின்றன. அசாமில் மாக் பிஹுவுக்கு வைக்கோலும் மூங்கிலும் கொண்டு கட்டிய மேஜியை விடியலில் கொளுத்துவார்கள். தெலுங்கு வீட்டில் போகியன்று சின்னக் குழந்தைகளின் தலையில் இலந்தைப் பழத்தைக் கொட்டி வாழ்த்துவார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் இதைப் பார்க்க அதிகத் தூரம் போக வேண்டியதில்லை. நம் வீட்டில் நவராத்திரிக்கு வைக்கும் கொலுவைச் சங்கராந்திக்கு வைக்கும் தெலுங்குக் குடும்பங்களும் உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்யும் பீகார்த் தொழிலாளிக்கு அன்று அவலும் தயிரும் வெல்லமும். மலையாளி வீட்டில் தனு மாதத் திருவாதிரை, பிறகு மகரவிளக்கு.

ஒரே சூரியன், ஒரே வாரம், ஏன் இத்தனை இடங்களில் தீயும் எள்ளும் வெல்லமும் புது அரிசியும்? அறுவடையும் குளிரும் எங்கெங்கே ஒத்துப்போகின்றன, எங்கே வேறுபடுகின்றன? ஒப்பிட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் இதைவிட நல்ல பாடம் சமூக அறிவியலில் இல்லை. அதற்கான தரவு முழுவதும் ஆவடியின் ஒரு குடியிருப்புக்குள் நடந்தே போய்ச் சேகரிக்கும் தொலைவில் இருக்கிறது.

கிறிஸ்துமஸ் நூல்களின் நிலைமை வேறு விதம். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இறக்குமதி: பனி, புகைபோக்கி, ஊசியிலை மரம், கலைமான் வண்டி. தமிழ்நாட்டில் கிறிஸ்துமஸ் பல நூற்றாண்டுகளாகக் கொண்டாடப்படும் விழா. அதன் உண்மையான பொருள்கள் வேறு. டிசம்பர் தொடக்கத்திலேயே வீட்டு வாசலில் தொங்கும் காகித நட்சத்திரம். கேழ்வரகையோ கோதுமையையோ தட்டில் தூவி முளைக்க வைத்து, அந்தப் பசுமையைக் குடிலுக்குப் புல்வெளியாக்கும் பழக்கம். இரவில் வீடு வீடாக வரும் கீத பவனி. அச்சு முறுக்கும் கல்கலும். முளைப்பயிரை எந்தத் தேதியில் தூவினால் கிறிஸ்துமஸுக்குச் சரியான உயரம் வரும் என்று கணக்குப் பார்க்கும் பாட்டியிடம் ஒரு தாவரவியல் பாடமே இருக்கிறது. குடில் வைக்கும் வழக்கம் 1223இல் இத்தாலியின் கிரெச்சியோ ஊரில் அசிசி பிரான்சிஸ் அமைத்த காட்சியோடு தொடர்புடையது என்று ஒரு வரி சேர்த்தால், இத்தாலிய மலைக் கிராமமும் அம்பத்தூர் ஓ.டி. வீடும் பிள்ளையின் மனத்தில் ஒரே நூலில் சேரும்.

ரமலானைப் பற்றிச் சிறுவர் நூல்கள் சொல்லாமல் விடும் மிக முக்கியமான செய்தி, அது நகரும் மாதம் என்பது. சந்திர ஆண்டு சுமார் 354 நாள். அதனால் ரமலான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே வருகிறது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடுகிறது. 2030இல் ஜனவரி தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர் கடைசியில் இன்னொன்று என ரமலான் இரண்டு முறை தொடங்கும். மே மாத வெயிலில் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் நோன்பிருந்த தாத்தாவுக்கும், மார்கழிக் குறும்பகலில் நோன்பிருக்கப்போகும் பேரனுக்கும் இடையிலான வேறுபாட்டை ஒரு சின்ன வரைபடத்தில் காட்டிவிடலாம். மதச் செய்தியாகவும் வானியலாகவும் கணக்காகவும் ஒரே நேரத்தில் நிற்கும் பக்கம் அது.

வெளிநாட்டு நூல்களில் நமக்குப் பயன்படும் மாதிரிகள் இரண்டைச் சொல்லலாம். பார்னபாஸ் கிண்டர்ஸ்லியும் அனபெல் கிண்டர்ஸ்லியும் 1997இல் கொண்டுவந்த விழாக்களைப் பற்றிய படநூலில், ஒவ்வொரு விழாவும் பெயரும் முகமும் உள்ள ஒரு குழந்தையின் வழியாகச் சொல்லப்படுகிறது. ‘இந்த நாட்டு மக்கள்’ என்ற பொதுப்பேச்சுக்கு அங்கே இடமில்லை. வெண்டி ஃபெஃபர் 2003இல் எழுதிய ஆண்டின் மிகக் குறுகிய பகலைப் பற்றிய நூல், அறிவியலையும் பழைய பண்பாடுகளின் சடங்குகளையும் ஒன்றாக வைத்துச் சொல்லி, கடைசியில் செய்து பார்க்கச் சோதனைகளையும் தருகிறது. நகல் எடுக்க வேண்டியதில்லை, அமைப்பைக் கற்றுக்கொள்ளலாம்.

சர்ச்சைக்குரிய செய்திகளைத் தொடாமல் நழுவுவதும் நம் விழா நூல்களின் வழக்கம். தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று 2008இல் தமிழ்நாடு அரசு சட்டம் செய்தது. 2011இல் வந்த அரசு அதை நீக்கியது. இதைச் சொன்னால் ஏதோ ஒரு தரப்பு கோபிக்கும் என்று பதிப்பாளர் அஞ்சுகிறார். இரண்டு தரப்பும் என்ன சொன்னார்கள் என்று நான்கு வரியில் எழுதினால், நாட்காட்டி என்பது மனிதர் விவாதித்து அமைப்பது என்பதைப் பிள்ளைகள் அறிவார்கள். ஜல்லிக்கட்டும் அப்படியே: 2014 தடை, 2017 மெரினா போராட்டம், 2023 தீர்ப்பு.

போகிப் புகையை மட்டும் எல்லா நூல்களும் சுற்றுச்சூழல் அறிவுரையாகச் சொல்கின்றன. அறிவுரை போதாது. 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. குளிர்ந்த அதிகாலையில் புகை மேலே போகாமல் தரையோடு தங்குவது ஏன், பழைய பாய் எரிவதற்கும் டயர் எரிவதற்கும் என்ன வேறுபாடு, மறுநாள் சாம்பலைக் கூட்டி அள்ளும் தூய்மைப் பணியாளர் எத்தனை மணிக்கு வேலைக்கு வருகிறார் என்று எழுதினால், ‘எரிக்காதே’ என்று சொல்லாமலே பிள்ளை யோசிக்கும்.

புலம்பெயர்ந்த தமிழர்களிடையே இந்தத் தேவை வேகமாக வளர்கிறது. கனடாவில் ஒன்டாரியோ மாகாணம் 2014இலும் நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரியைத் தமிழ் மரபு மாதமாக ஏற்றன. அங்கே பள்ளியில் பொங்கலை விளக்க வேண்டிய பிள்ளைக்கு உடனே ஒரு நூல் வேண்டும். தாய்நிலத்தில் நல்ல மூலநூல் இல்லாவிட்டால் அங்கும் நான்கு நாள் கட்டுரையே ஆங்கிலத்தில் பெயர்க்கப்படும்.

வாசகர் இல்லை என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் பொது நூலகச் சட்டத்தை முதலில், 1948இலேயே, இயற்றியது இந்த மாநிலம். நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் போகிறது. கிளை நூலகங்கள் இந்தப் புறநகர் முழுவதும் இருக்கின்றன. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளில் சின்னச் சின்ன நூல்களைப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. அவை பெரும்பாலும் கதைகள். அதே பதினாறு பக்க வடிவில், அதே எளிய மொழியில், விழா நூல்களும் வரலாம். துலிகா போன்ற சென்னைப் பதிப்பகம் இருமொழிப் படநூல்களில் கால் நூற்றாண்டுக்கு மேலான அனுபவம் பெற்றிருக்கிறது. பாரதி புத்தகாலயத்தின் சிறுவர் வெளியீடுகள் குறைந்த விலையில் எல்லா ஊருக்கும் போகின்றன. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் யாரும் எழுதலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம். எழுத்தாளரும் ஓவியரும் அச்சகமும் விநியோகமும் இருக்கின்றன. இல்லாதது களத்துக்குப் போய்க் கேட்டு எழுதும் பழக்கம். விழா என்றால் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று மேசையில் உட்கார்ந்தே எழுதிவிடுகிறோம்.

சென்னைப் புத்தகக் காட்சி 1977 முதல் நடக்கிறது. அது பெரும்பாலும் பொங்கல் விடுமுறையை ஒட்டி வருவதால், பிள்ளைகளின் கையில் சிறுவாட்டுப் பணம் இருக்கும் நாட்களும் புத்தகம் வாங்கும் நாட்களும் ஒன்றாக அமைகின்றன. அந்தக் காட்சிக்குக் கொண்டுவர வேண்டிய விழா நூலை அக்டோபரில் உட்கார்ந்து எழுதினால் பழைய கட்டுரையே மறுபடி வரும். படம் எடுக்கவும், கோலம் போடும் அம்மாக்களிடமும் குடில் கட்டும் இளைஞர்களிடமும் கரும்பு இறக்கும் தொழிலாளிகளிடமும் பேசவும், நிழலை அளக்கவும், முந்தைய மார்கழியிலேயே ஓர் எழுத்தாளரும் ஓர் ஓவியரும் திருமழிசையிலிருந்து திருநின்றவூர் வரை ஒரு மாதம் சுற்ற வேண்டும். அதற்கான முன்பணத்தை ஒரு பதிப்பகமோ நூலகத் துறையோ இந்த ஆண்டே ஒதுக்கினால், அடுத்த தைக்கு முதல் நூல் வந்துவிடும்.